வரிக்குக் கட்டும் வட்டி செலவில் சேருமா?

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஜவுளி, மஞ்சள், எண்ணெய் ஆலை, விசைத்தறி என்று பலரகமான பேரேடுகளும் கைவழியாகப் போயிருக்கின்றன. அந்த வியாபாரிகளில் அநேகமாக எல்லோரும் ஒரு தடவையாவது கேட்ட கேள்விதான் இன்றைய விஷயம். தறிக்காரர் ஒருவர் கேட்ட விதம் இன்னும் காதில் இருக்கிறது. "ஏனுங்க, பேங்குக்குக் கட்டற வட்டியைச் செலவுல எழுதறீங்க. சர்க்காருக்குக் கட்டுன வட்டியை மட்டும் எழுதமாட்டேங்கறீங்க. ரெண்டும் என்ற பணந்தானுங்களே?"

நியாயமான கேள்வி. வருமான வரியைத் தாமதமாகக் கட்டியதற்கு ஒரு கம்பெனி 40,000 ரூபாய் வட்டி கட்டுகிறது என்று வையுங்கள். அதைச் செலவாக எழுத முடிந்தால் லாபம் அந்த அளவுக்குக் குறையும். 30 சதவீத வரி என்றால் 12,000 ரூபாய் மிச்சம். எழுத முடியாவிட்டால் வட்டி கட்டிய பணத்துக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். இந்த ஒரு வரிப் பதிவுக்காக உச்ச நீதிமன்றம் வரை போன கம்பெனிகள் பல. அந்த வழக்குகளின் கதை, சட்டம் படிக்காதவர்களுக்கும் சுவாரசியமானது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் வருமான வரியே ஏன் செலவாகாது என்று பார்க்க வேண்டும். 1906இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முன் ஆஷ்டன் காஸ் கம்பெனி வழக்கு வந்தது. அந்தக் கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் லாபப்பங்கு தரக் கூடாது என்று கட்டுப்பாடு. வருமான வரியைக் கழித்த பிறகுதான் அந்த 10 சதவீதத்தைக் கணக்கிட வேண்டும் என்று கம்பெனி வாதாடியது. பிரபுக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வருமான வரி என்பது லாபம் சம்பாதிக்க ஆன செலவு அல்ல, சம்பாதித்த லாபத்தில் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் பாகம் என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊர் பாஷையில் சொன்னால், சர்க்கார் ஒரு ஸ்லீப்பிங் பார்ட்னர். பார்ட்னருக்குக் கொடுத்த லாபப் பங்கைக் கடையின் செலவுக் கணக்கில் எழுத முடியுமா?

நம் நாட்டுச் சட்டமும் அதே வழிதான். 1922ஆம் ஆண்டு சட்டத்தின் 10ஆவது பிரிவில் ஒரு உட்பிரிவு, லாபத்தின் மேல் விதிக்கப்படும் வரியைக் கழிக்கக் கூடாது என்றது. 1961 சட்டத்தில் அது 40ஆவது பிரிவுக்குள் போய் உட்கார்ந்தது. விற்பனை வரி, சுங்க வரி, கலால் வரி, வீட்டு வரி இவற்றின் கதை வேறு. அவை லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் கட்ட வேண்டியவை, கட்டாமல் கடை நடத்த முடியாது, ஆகவே செலவு.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஆனால் நீதிமன்றங்கள் இந்த இடத்துக்கு வந்து சேரச் சுமார் நாற்பது வருடம் பிடித்தது.

யுத்த காலத்தில், 1944இல், அட்வான்ஸ் டாக்ஸ் வந்தது. 1922 சட்டத்தில் 18ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். யுத்தத்தால் ஜனங்கள் கையில் பணம் புரண்டு விலைவாசி ஏறுகிறது, சம்பாதிக்கிற வருடத்திலேயே வரியை வாங்கிவிட்டால் கொஞ்சம் அடங்கும் என்பது கணக்கு. அதில் ஒரு வேடிக்கை. முன்கூட்டியே கட்டியவருக்கு அரசாங்கம் வருடம் 2 சதவீதம் வட்டி கொடுத்தது. குறைத்துக் கட்டியவரிடம் 6 சதவீதம் வாங்கியது. கொடுப்பதைப் போல மூன்று மடங்கு வாங்குவது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

அந்த 6 சதவீத வட்டியைச் செலவாக எழுதலாமா என்ற கேள்வி அருணா மில்ஸ் என்ற கம்பெனி மூலம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு 1957ஆம் ஆண்டு வருமான வரித் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. தலைமை நீதிபதி சாக்ளா. மில் தரப்பு வாதம் கெட்டிக்காரத்தனமானது. "வரிப் பணத்தைக் கட்டாமல் வியாபாரத்திலேயே வைத்துக்கொண்டோம். இல்லாவிட்டால் அந்த அளவுக்கு பாங்கில் கடன் வாங்கியிருப்போம், அந்த வட்டி செலவாகியிருக்கும். இதுவும் அதுவும் ஒன்றுதானே?" நம் தறிக்காரர் கேட்டதும் இதைத்தான். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வட்டி வந்தது வியாபாரம் செய்ததால் அல்ல, சட்டப்படி கட்ட வேண்டிய வரியைக் கட்டாததால் என்றது.

அபராதம் பற்றிய சட்டம் இதற்குப் பக்கத்திலேயே வளர்ந்துகொண்டிருந்தது. அதில் உச்ச நீதிமன்றம் 1961இல் சொன்ன ஹாஜி அஜீஸ் வழக்கு பேரீச்சம்பழ வழக்கு. வெளிநாட்டிலிருந்து பேரீச்சம்பழம் இறக்குமதி செய்தவர்கள், நீராவிக் கப்பலில் கொண்டுவரத் தடை இருந்த நேரத்தில் அதில் கொண்டுவந்துவிட்டார்கள். பாய்மரக் கப்பல் என்றால் தடையில்லை. பழம் பறிமுதல். மீட்பதற்குக் கட்டிய தொகை 1,63,950 ரூபாய். சரக்கை மீட்கக் கட்டியது சரக்கின் விலை மாதிரிதானே என்று கேட்டார்கள். சட்டத்தை மீறியதற்குக் கட்டும் அபராதம் வியாபாரத்தின் சாதாரணச் செலவாகாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு வரி அதிகாரிகளுக்குக் கொண்டாட்டம். எந்த வரியைத் தாமதமாகக் கட்டினாலும், அதற்கான வட்டியை "சட்டத்தை மீறிய அபராதம்" என்று சொல்லித் தள்ள ஆரம்பித்தார்கள். விற்பனை வரி வட்டியும் அவர்களுக்கு ஒன்றுதான், வருமான வரி வட்டியும் ஒன்றுதான். அதை உடைத்தது ஒரு சர்க்கரை ஆலை.

மகாலட்சுமி சுகர் மில்ஸ் உத்தரப் பிரதேசத்தில் கரும்பு அரைத்த கம்பெனி. அந்த மாநிலத்தில் 1956இல் வந்த கரும்பு செஸ் சட்டப்படி, ஆலைக்குள் வரும் கரும்புக்கு ஆலைக்காரர் செஸ் கட்ட வேண்டும். கெடு தவறினால் வருடத்துக்கு 6 சதவீத வட்டி. கம்பெனி கெடு தவறியது, வட்டியும் கட்டியது, அதைச் செலவாக எழுதியது. இலாகா வழக்கம்போல் மறுத்தது. டில்லி உயர் நீதிமன்றமும் இலாகா பக்கம். கடைசியில் 1980இல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது.

நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தது. வட்டிக்கு ஒரு உட்பிரிவு இருக்கிறது. அபராதத்துக்குத் தனியாக இன்னொன்று, பாக்கியில் 10 சதவீதம் வரை போடலாம் என்று. அபராதம் தனியாக இருக்கும்போது வட்டியும் எப்படி அபராதமாகும்? தவிர, அபராதம் போட அதிகாரி மனது வைக்க வேண்டும். வட்டிக்கு யார் உத்தரவும் வேண்டாம். கெடு தாண்டிய மறுநாளிலிருந்து தானாக ஏறிக்கொண்டே போகிறது. அரசாங்கத்துக்கு வர வேண்டிய பணம் தாமதமானதற்கு ஈடு அது, தண்டனை அல்ல. அது செஸ்ஸோடு ஒட்டி வளர்ந்த பாகம், செஸ்ஸின் ஒரு அங்கம் என்றார்கள். செஸ் செலவென்றால் அதன் வட்டியும் செலவு.

எனக்குத் தெரிந்து வரிச் சட்டத்தில் இவ்வளவு தெளிவாக எழுதிய தீர்ப்புகள் குறைவு. இந்தத் தீர்ப்பு வந்த பிறகு விற்பனை வரிக்கு வட்டி கட்டிய எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்கெல்லாம் அது ஆயுதமாயிற்று. பழைய விற்பனை வரி நோட்டீசுகளில் "பெனல் இன்டரஸ்ட்" என்று ஒரு வார்த்தையைப் போட்டிருப்பார்கள். அந்த "பெனல்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வருமான வரி அதிகாரி செலவை வெட்டுவார். இதற்கும் உச்ச நீதிமன்றம் 1993இல் பிரகாஷ் காட்டன் மில்ஸ் வழக்கில் வழி சொன்னது. பெயரைப் பார்க்காதே, அது ஈடா தண்டனையா என்று அந்தந்தச் சட்டத்தைப் படித்துப் பார். இரண்டும் கலந்திருந்தால் பிரித்து, ஈடு என்ற பாகத்தை மட்டும் அனுமதி. இ.எஸ்.ஐ. சந்தா தாமதத்துக்குப் போடும் "டேமேஜஸ்" தொகையும் அந்த வழக்கில் இருந்தது. பிறகு லட்சுமன்தாஸ் மதுராதாஸ் வழக்கில் விற்பனை வரி பாக்கிக்கான வட்டி ஈடுதான், செலவுதான் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்றைக்கு ஜி.எஸ்.டி.யைத் தாமதமாகக் கட்டி 18 சதவீத வட்டி கொடுப்பவர் அதைச் செலவில் எழுதுவது இந்தத் தீர்ப்புகளின் பலத்தில்தான்.

ஆனால் மகாலட்சுமி தீர்ப்பைப் படித்த சில கம்பெனிகளுக்கு ஆசை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வட்டி தண்டனை அல்ல, ஈடு என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அப்படியானால் வருமான வரிக்கான வட்டியும் ஈடுதானே, அதையும் எழுதலாமே என்று கிளம்பினார்கள். பாரத் காமர்ஸ் என்ற கம்பெனியின் வழக்கு 1998இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ரிட்டர்ன் தாமதத்துக்கும் அட்வான்ஸ் டாக்ஸ் குறைவுக்கும் கட்டிய வட்டி அது. வாதம் அருணா மில்ஸ் காலத்து வாதமேதான். வரிப்பணத்தை வியாபாரத்தில் போட்டோம், அதற்கு அரசாங்கத்துக்கு வட்டி கொடுத்தோம், கடன் வாங்கிய மூலதனத்துக்குக் கொடுத்த வட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

நீதிமன்றம் மகாலட்சுமி தீர்ப்பையே திருப்பிக் காட்டியது. அங்கே வட்டி செஸ்ஸின் அங்கம், செஸ் செலவாவதால் வட்டியும் செலவாயிற்று. இங்கே வட்டி வருமான வரியின் அங்கம். வருமான வரியே செலவில்லை, அப்புறம் அதன் வட்டி எங்கிருந்து செலவாகும்? மாடு யாருடையதோ கன்றும் அவருடையதுதான் என்று கிராமத்தில் பஞ்சாயத்துச் சொல்வது போலத்தான். ஈடா தண்டனையா என்ற கேள்வியில் ஜெயித்தால் மட்டும் போதாது, தாய் வரி எது என்ற கேள்வியிலும் ஜெயிக்க வேண்டும் என்பது அதோடு தெளிவாயிற்று.

இதற்கு முந்தின வருடம், 1997இல், இன்னொரு பக்கத்துக் கதவையும் சாத்தினார்கள். ஈஸ்ட் இந்தியா பார்மசூட்டிக்கல் என்ற கம்பெனி தாமதிக்காமல் வரியைக் கட்டியது, ஆனால் பாங்கில் ஓவர்டிராஃப்ட் எடுத்துக் கட்டியது. இந்த வட்டி பாங்குக்குப் போகிறது, அரசாங்கத்துக்கு அல்ல. இதுவும் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கடன் வாங்கியது வரி கட்ட, வியாபாரத்துக்கு அல்ல. ஆனால் இதில் ஒரு நுணுக்கம். வியாபார வரவு முழுவதும் அதே ஓவர்டிராஃப்ட் கணக்கில்தான் விழுந்துகொண்டிருந்தது, லாபமும் வரிக்குப் போதுமானதாக இருந்தது என்றால், வரி கட்டியது லாபத்திலிருந்தா கடனிலிருந்தா? கல்கத்தா உயர் நீதிமன்றம் உல்கோம்பர்ஸ் என்ற கம்பெனி வழக்கில் லாபத்திலிருந்து என்றே கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்த வாதத்தில் வலு இருக்கிறது என்று உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் இந்தக் கம்பெனி அதைக் கீழ்க் கோர்ட்டுகளில் சொல்லவே இல்லை, ஆகவே இப்போது எடுத்துக்கொள்ள முடியாது என்றது. சரியான நேரத்தில் சொல்லாத வாதம், தேதி முடிந்த ரயில் டிக்கெட். இதற்காகவே எங்கள் ஆபீசில், வரி கட்டிய தேதியில் பாங்கு பாஸ் ஷீட்டில் எவ்வளவு வரவு இருந்தது என்று ஒரு தாளில் குறித்து ஃபைலில் வைப்போம்.

இத்தனைக்கும் நடுவில் வட்டி விகிதம் எங்கே போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1989 ஏப்ரலிலிருந்து பழைய பிரிவுகளை எடுத்துவிட்டு 234ஏ, பி, சி என்று மூன்று கொண்டுவந்தார்கள். முதல் இரண்டுக்கும் மாதம் 2 சதவீதம். நம் சந்தைப் பேச்சில் ரெண்டு வட்டி! பழைய சட்டத்தில் காரணம் சரியாக இருந்தால் அதிகாரி வட்டியைக் குறைக்கலாம், தள்ளலாம். புதியதில் அந்தச் சலுகை போயிற்று. அது கட்டாயம்தான் என்று 2001இல் உச்ச நீதிமன்றமும் அஞ்சும் காஸ்வாலா வழக்கில் உறுதி செய்தது. விகிதம் பிறகு படிப்படியாக இறங்கி 2003 செப்டம்பர் 8 முதல் மாதம் 1 சதவீதம்.

அதே தேதியிலிருந்து அரசாங்கம் நமக்குத் தர வேண்டிய ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீதம். 1944இல் மூன்று மடங்கு, இப்போது இரண்டு மடங்கு. முன்னேற்றம்தான்! அதோடு அந்த ரீஃபண்டு வட்டி நம் கைக்கு வந்தால் அது வருமானம், வரி உண்டு. நாம் கொடுத்த வட்டி செலவில்லை. தாய் வரி தத்துவத்தை அப்படியே வைத்தால் ரீஃபண்டு வட்டியும் வருமான வரியின் அங்கம், அதற்கு வரி கூடாது என்றல்லவா வர வேண்டும்? பென்ஷன்காரர்கள் பலர் ரிட்டர்னில் இந்தச் சின்னத் தொகையைக் காட்டாமல் விட்டு நோட்டீஸ் வாங்கியிருக்கிறார்கள். சட்டத்தின் தர்க்கம் ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது என்பது என் மனக்குறை. சொல்லிவிட்டேன்.

கடைசியாக இன்னும் புகைந்துகொண்டிருக்கும் விஷயம் டி.டி.எஸ். வட்டி. காண்ட்ராக்டருக்கோ வாடகைக்கோ பணம் தரும்போது வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். பிடிக்காமல் விட்டால் மாதம் 1 சதவீதம், பிடித்துவிட்டுக் கட்டத் தாமதித்தால் ஒன்றரை சதவீதம் வட்டி. இந்த வட்டி செலவா? நம் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் சென்னை பிராப்பர்ட்டீஸ் வழக்கில் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அது 1999 தொகுப்பில் வந்த தீர்ப்பு. வட்டி எந்த வரிக்காகக் கட்டப்படுகிறதோ அதன் நிறம்தான் வட்டிக்கும். இது வருமான வரி. உன் வருமானத்துக்கானதா அடுத்தவர் வருமானத்துக்கானதா என்பது முக்கியமில்லை என்றது கோர்ட்.

இதில்தான் எனக்கு இன்னும் மனது ஒப்பவில்லை. காண்ட்ராக்டருக்கு 1,00,000 ரூபாய் பில். அதில் 1,000 பிடித்தோம், 99,000 கொடுத்தோம். நம் கணக்கில் செலவு எவ்வளவு? முழு 1,00,000. அந்த 1,000 ரூபாய் காண்ட்ராக்டருக்கு வருமான வரி. நமக்கு அது கூலிச் செலவின் ஒரு பகுதி. தாயைப் பார்த்துத்தான் கன்று என்றால், நம் தொழுவத்தில் இருக்கும் தாய் செலவுதானே? கொல்கத்தாவில் உள்ள வருமான வரித் தீர்ப்பாயம் 2017இல் நாராயணி இஸ்பாட் என்ற கம்பெனி வழக்கில் ஏறத்தாழ இந்த வழியில் போய், வட்டியைச் செலவாக அனுமதித்தது. விற்பனை வரிக்கான லட்சுமன்தாஸ் தீர்ப்பைத் துணைக்கு எடுத்துக்கொண்டது. எதிர்த் தரப்புக்கும் சொல்ல ஒன்று உண்டு. பிடித்த பணம் நம்முடையதே அல்ல, நம்மை நம்பி அரசாங்கம் விட்டுவைத்த பணம். அதை வைத்துக்கொண்டு கடை நடத்துவது சொந்த வரியைத் தாமதிப்பதைவிட மோசம். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பிடிக்கவே மறந்துபோனவருக்கு இது பொருந்தாது. அவர் கையில் யார் பணமும் இல்லை; முழுப் பில்லையும் கொடுத்துத் தீர்த்துவிட்டார்.

என் மனது எப்படியிருந்தாலும் ஈரோடு மெட்ராஸ் உயர் நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறது. கொல்கத்தா தீர்ப்பாயத்தின் பலம் இங்கே செல்லாது. ஆகவே டி.டி.எஸ். வட்டியை வருமான வரிக் கணக்குப் போடும்போது லாபத்தோடு கூட்டிக் காட்டிவிடுவதுதான் வழக்கம். தைரியசாலிகள் செலவென்று எழுதி அப்பீல் போனார்கள். வக்கீல் ஃபீஸ் அந்த வரியைத் தாண்டியது.

2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்துக்கு வருகிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன, நாங்கள் மனப்பாடம் செய்த 37ம் 40ம் 234ம் இனி பழங்கணக்கு. லாபத்தின் மேல் கட்டும் வரி செலவாகாது என்பது மட்டும் மாறவில்லை.

கணக்கு எழுதும் பேரன் பேத்திகள் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் "இன்டரஸ்ட்" என்று ஒரே தலைப்பில் பாங்கு வட்டி, ஜி.எஸ்.டி. வட்டி, டி.டி.எஸ். வட்டி, வருமான வரி வட்டி நாலையும் போட்டுக் கலக்கியிருப்பார்கள். வருஷக் கடைசியில் ஒவ்வொரு சலானாகத் தேடிப் பிரிக்க இரண்டு நாள் ஆகும். நாலுக்கும் நாலு பேரேட்டுப் பக்கம் போட்டு ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிட்டால் அந்த இரண்டு நாள் மிச்சம்.